மச்சை அறையாக்கலாமா? நோட்டில் போட்ட நாலு கணக்கு

பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, பிள்ளைகள் வளர வளர வரும் கேள்வி ஒன்று உண்டு: "சும்மா கிடக்கிற மச்சை ரூமாக்கிட்டா என்ன?" போடியில் எங்கள் வீட்டிலும் மூன்று மாதமாக இதே பேச்சுதான்.

என் மாமனார் சிறிய அளவில் ஏலக்காய் வாங்கி விற்றவர். தரையில் வைத்தால் காய் ஈரம் இழுக்கும் என்று மூட்டைகளை மச்சில்தான் அடுக்குவார். அவர் காலத்துக்குப் பிறகு அங்கே இருப்பது பழைய அண்டாவும் கிழிந்த சாக்கும். என் வீட்டுக்காரர் போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். நான் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. வீட்டில் இருப்பது ஒரு அறை, ஒரு கூடம். கூடத்தில் அத்தையின் கட்டில், டி.வி., தையல் மிஷின். பிள்ளை உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பது உண்மைதான்.

கொத்தனாரும் ஆசாரியும் வந்து பார்த்துவிட்டு 3,40,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கையில் சேர்த்தது 1,50,000. மீதி 1,90,000-க்கு என் நகையை அடகு வைக்க வேண்டும். "ஒரு நல்ல சீசன் வந்தா மீட்டுடலாம் புள்ள" என்றார் இவர். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகனின் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

முதல் கணக்கு உயரம். மச்சு 22-க்கு 12 அடி, அதாவது 264 சதுர அடி. ஆனால் ஓடு இரண்டு பக்கமும் சரிகிறதே! தலை இடிக்காமல் நடக்க முடிவது நடுவில் 6 அடி அகலம்தான். ஆக 132 சதுர அடி. வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், ஏறக்குறைய 9 அடி உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எங்கள் மச்சில் அந்த உயரம் மோட்டுக்கு நேர் கீழே மட்டும். நடக்க முடிகிற இடத்தை வைத்துப் பார்த்தால் சதுர அடிக்கு சுமார் 2,575 ரூபாய் விழுகிறது.

இரண்டாவது கணக்கு பலம். வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு சுமார் 19 கிலோ பாரம் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மூட்டை தாங்கிய மச்சுக்கு இது பெரிதா என்று இவர் கேட்டார். ஆசாரி, உத்தரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் திருப்புளியால் குத்திக் காட்டினார். நடுவில் இரும்பு மாதிரி இருந்த மரம், முனையில் பொலபொலவென்று உதிர்ந்தது. "சுவத்துக்குள்ளதான் ஈரமும் கரையானும் சேரும் தாயி. ரெண்டு உத்தரத்துக்கு வேலை இருக்கு. நான் சொன்ன தொகையில அது சேரலை" என்றார்.

மூன்றாவது கணக்கு வெயில். ஓட்டுக்கு அடியில் பகல் சூடு அப்படியே இறங்கும். பிளஸ் டூ பரீட்சை நடப்பதோ மார்ச் மாதத்தில். சூடு தெரியாமலிருக்க உள்ளே பலகை அடித்தால் அது தனிச் செலவு. அடித்தால் இருக்கிற உயரமும் குறையும்.

நாலாவது கணக்குதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 1,900, வருஷத்துக்கு 22,800. வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும், ஜீப் ஓடாது. கோடையில் காய் எடுப்பு நின்றுவிட்டால் மலைக்கு ஏறும் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். சரி, ஏலக்காய் விலை ஏறினால்? 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அப்போது விலை ஏறியதே மழை வெள்ளத்திலும் வறட்சியிலும் விளைச்சல் குறைந்ததால்தான். காய் குறைந்தால் எடுக்கவும் தரம் பிரிக்கவும் எங்களுக்கு ஏது வேலை? 2022-இல் விலை 1,000-க்கும் கீழே வந்துவிட்டது. விலை ஏறினால் லாபம் சரக்கு வைத்திருப்பவருக்கு. கூலிக்காரர் அதை நம்பிக் கடன் வாங்க முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த வருஷம் மகள் நர்சிங் சேர ஆசைப்படுகிறாள். அவளுக்கு அவசரம் என்றால் எடுக்க என்னிடம் இருப்பது அந்த நகை ஒன்றுதான். அவள் படிக்க அறை கட்டப் போய், அவள் படிப்புக்கான பணத்தையே தொடலாமா?

நோட்டை இவரிடம் கொடுத்தேன். அப்பா இருந்த மச்சு என்ற பாசம் இவருக்கு. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் வழி சொன்னவர் அத்தைதான். "கொல்லையில மாட்டுக் கொட்டகை காலியாத்தானே கிடக்கு? மூணு பக்கம் சுவர் நிக்குதே!" 10-க்கு 12 அடி. நாலாவது சுவர், கதவு, ஜன்னல், தரை, மேலே ஓடு மாற்ற எல்லாம் சேர்த்து 1,15,000 கேட்டார் கொத்தனார். 120 சதுர அடியிலும் நிமிர்ந்து நிற்கலாம். சதுர அடிக்கு ஆயிரம்கூட ஆகவில்லை. உத்தரம் இரண்டையும் அப்படியே விடக்கூடாது, கீழே பிள்ளைகள் படுக்கிறார்கள். அதைச் சரிசெய்ய 25,000. மீதி 10,000 கையில், நகை பீரோவில். "சரி, ஆகட்டும்" என்றார் இவர்.

மச்சை அறையாக்குவது எல்லோருக்கும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் நிமிர்ந்து நடக்க உயரம் இருந்து, மரம் பழுதில்லாமல், பணமும் சொந்தப் பணமாக இருந்து, கொல்லையில் வேறு இடமும் இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், நடக்க முடிகிற இடத்தை மட்டும் அளந்து பாருங்கள். உத்தரத்தின் முனையைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையே இல்லாத மாதத்தில் வட்டியை எங்கிருந்து கட்டுவோம் என்று வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

உங்கள் வீட்டு மச்சு என்ன சொல்கிறது சகோதரிகளே?

— ஒரு வாசகி, போடிநாயக்கனூர்