ஷிப்ட் விடும் நேரத்துப் பேப்பர்

பெங்களூரை அடுத்த பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் விடுவதற்குள் என் கடை வாசலில் சாயங்காலப் பேப்பர் கட்டு வந்து இறங்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் ஆட்கள் ஓசூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் 'தினச்சுடர்' கேட்பார்கள். கன்னடக்காரர்களுக்கு 1982இல் தொடங்கிய 'சஞ்சேவாணி'. இரண்டுமே பி.எஸ். மணி தொடங்கியவை.

நம் நாட்டில் மாலைப் பத்திரிகைக்கு வயது அதிகம். சென்னையில் 1868இல் பிறந்த 'மெட்ராஸ் மெயில்' ஆங்கில மாலை நாளிதழ் 1981 வரை வந்தது. ஆனால் அது துரைமார்களும் வியாபாரிகளும் படித்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவன் கையிலும் மாலைப் பேப்பரைக் கொடுத்தவை 'மாலை முரசு', 1977இல் வந்த 'மாலை மலர்' போன்றவைதான். காலைப் பேப்பர் நள்ளிரவோடு முடிந்துவிடும். அதற்குப்பின் நடந்த விபத்து, கோர்ட்டுத் தீர்ப்பு, கொலை வழக்கு எல்லாம் மதியத்துக்குள் அச்சேறி, வேலை முடிந்து வருகிறவன் கைக்கு வந்துவிடும்.

2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தமிழ் பேசும் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்தினான். அவர் மீண்டு வர 108 நாள் ஆயிற்று. அந்த நாட்களில் இங்கே தமிழில் சத்தமாகப் பேசவே பயந்தோம். சணல் கயிற்றை அறுக்கும் முன்பே கட்டிலிருந்து பேப்பரை உருவுவார்கள். ஒரு கன்னட மேஸ்திரி தலைப்பைப் படித்துவிட்டு, "ஒன்றும் ஆகவில்லை, பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள்" என்று எங்கள் பையன்களிடம் சொல்லுவார். அச்சில் வந்த சேதி என்பதால் அந்த வார்த்தைக்கு மதிப்பிருந்தது.

சரிவு லாட்டரியில் தொடங்கியது. குலுக்கல் முடிவுக்காகவே பேப்பர் வாங்கியவர்கள் ஏராளம். தமிழ்நாடு 2003இலும் கர்நாடகம் 2007இலும் லாட்டரியைத் தடை செய்தன. எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன, கட்டு இளைத்தது. பிறகு இருபத்துநாலு மணிநேரச் செய்தி டிவி. 2016இல் மலிவு டேட்டா வந்ததும் செய்தி சட்டைப்பைக்குள் போனது. 2020 கொரோனாவில் பேப்பரைத் தொடவே பயந்தார்கள். லண்டனில் 1827இல் தொடங்கிய 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' கூட 2024இல் வார இதழாகிவிட்டது.

போனது போகட்டும். ஆனால் 2024 வரை நடப்பிலிருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருந்தே ஆக வேண்டியிருந்தது. தப்பாகப் போட்டால் கேட்க ஆள் உண்டு. 2012 ஆகஸ்டில் செல்போனில் பரவிய வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறினார்கள். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கே அரசு கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. அந்தச் சேதிகளின் அடியில் யார் பெயரும் இல்லை.

இன்று மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஏறுகிற எல்லோர் கையிலும் போன்தான் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு சேதியை நாலு பேருக்கு அனுப்பும் முன், அதை எழுதியது யார், பொறுப்பு யாருடையது என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.