தழும்பு இருக்கு, கடுதாசி இல்லை

எதிரி சுட்ட தழும்பு உடம்பில் இருக்கிறது. பதக்கம் மட்டும் கிடைக்கவில்லை. 'பர்ப்பிள் ஹார்ட்' கேட்டு மனுப்போட்ட அமெரிக்க முதிய சிப்பாய்கள் பலரின் கதை இது, தோழர்களே.

1782-இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய விருது, 1932-இல் மீண்டும் உயிர்பெற்றது. போரில் எதிரியால் காயம்பட்டவருக்கு உரியது. ஆனால், இராணுவ டாக்டர் மருந்து போட்டதற்குப் பதிவு வேணும். டிரஸரிடம் கட்டுப்போட்டுவிட்டு, சீட்டில்லாமல் சொக்சோவுக்கு அலைந்த நம்மவர்களுக்கு இது புரியும்.

பதிவுக்கு எங்கே போவது? 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் கட்டடம் தீப்பிடித்தது. 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் நாசம். 1912-க்கும் 1960-க்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போச்சு. நகல்கூட எடுத்து வைக்கவில்லையாம்! எரிந்தது சர்க்கார் கட்டடம், அலைவது கிழவர். இது என்ன நியாயம் என்றுதான் நாம் கேட்கிறோம்.

வழி அடியோடு அடைபடவில்லை. பட்டாளத்தின் அன்றாட ஆள்கணக்கு, ஆஸ்பத்திரிக் குறிப்பு, பக்கத்தில் நின்றவர்களின் சத்திய வாக்குமூலம் ஆகியவற்றை வைத்து வாதாடலாம். பக்கத்தில் நின்றவர் உயிரோடு இருக்கணுமே! 1953-இல் முடிந்த கொரியப் போரில் நின்ற இளைஞருக்கே இப்போது தொண்ணூறு வயதாச்சு.