பால் வராத சூப்பானால் என்ன பயன்?

இளநீரை உறிஞ்சுகுழலால் குடிக்கும்போது அதை மேலே ஏற்றுவது எது? உங்கள் வாய் என்பீர்கள். வாய் செய்வதெல்லாம் உள்ளே அழுத்தத்தைக் குறைப்பதுதான். இளநீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். பச்சிளங்குழந்தையும் இம்முறையைக் கையாண்டே பால் குடிக்கிறது. ஆனால் உறிஞ்சினால் மட்டும் போதாது. உறிஞ்சியதை விழுங்க வேண்டும். விழுங்கும் கணத்தில் மூச்சை நிறுத்தவும் வேண்டும். தொண்டையில் உணவுக்கும் காற்றுக்கும் பாதை ஒன்றே அல்லவா? வரிசை தவறினால் பால் மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிடும்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். இம்மூன்று செயல்களும் ஒத்திசையத் தொடங்குவது ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களில்தான். அப்படியானால் 28 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்குப் பாலூட்டுவது எப்படி?

மூக்கு அல்லது வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இரைப்பை வரை செலுத்துகிறார்கள். அதன் மேல்முனையில், உட்தண்டை நீக்கிய சிரிஞ்சைப் பொருத்தித் தாய்ப்பாலை ஊற்றிச் சற்று உயர்த்திப் பிடிக்கிறார்கள். 20 செ.மீ. உயரப் பாலின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் பால் இறங்க அது போதும். வேகம் மிகுந்தால் சிரிஞ்சைச் சிறிது தாழ்த்துவார்கள். புவியீர்ப்பே இங்கே செவிலித்தாய்!

வயிறு நிறைகிறது, வாய்க்கோ வேலையில்லை. அந்த நேரத்தில் குழந்தையின் வாயில் ஒரு ரப்பர் சூப்பானை வைத்தால் என்ன? 1979-இல் மீசெல், ஆண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் முடிவை வெளியிட்டார்கள். சூப்பான் பெற்ற குழந்தைகள் மற்றவற்றைவிடச் சுமார் 3 நாள் முன்னதாகப் புட்டியில் குடிக்கத் தயாராயின. சுமார் 4 நாள் முன்னதாக வீடு திரும்பின. குஞ்சைப் பிரிந்து காத்திருக்கும் தாய்க்கு 4 நாள் சிறிதா?

பால் வராதபோது குழந்தை விநாடிக்கு ஏறக்குறைய இருமுறை சப்புகிறது. சிறிது ஓய்ந்து மீண்டும் தொடர்கிறது. பால் வரும்போது வேகம் ஏறத்தாழ பாதியாகும். விழுங்கவும் வேண்டுமே! ஆகவே வெறுஞ்சப்பல், பால் என்னும் ஆபத்தில்லாத ஒத்திகை. நாக்கும் தாடையும் பழகுகின்றன. குழந்தையும் அமைதி கொள்கிறது. வாயசைவையும் வயிறு நிறைவதையும் மூளை இணைத்துக்கொள்கிறது என்றும் கருதுகிறார்கள்.

எடை விரைவாகக் கூடும் என்றும் 1980-களில் நம்பினார்கள். பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டின் மதிப்பாய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. குழாயிலிருந்து வாய்க்கு மாறும் காலமும் மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவது மட்டும் உறுதியாயிற்று.

இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள தம்பிப் பாப்பாவுக்குச் சூப்பான் வாங்கிவிடாதீர்கள். நன்றாகத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஒத்திகை தேவையில்லை. மருத்துவமனையிலும் ரப்பர்தான் வேண்டும் என்பதில்லை. பாலைப் பீய்ச்சி எடுத்தபின் தாயின் மார்பிலேயே குழந்தையைச் சப்பவிடும் முறையும் உண்டு. பீய்ச்சிய அதே பால் அப்போது குழாய் வழியே இறங்கிக்கொண்டிருக்கும்.