ஜப்திக்கும் எல்லை உண்டு!

கடன் கொடுத்தவர், "பாக்கியைக் கட்டாவிட்டால் பாத்திர பண்டங்களை அள்ளிப் போவேன்" என்று மிரட்டினால் நடுங்க வேண்டாம். அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, ஜப்தி உத்தரவும் பெற வேண்டும். உத்தரவுடன் வரும் அமீனாவும் சூரியன் மறைந்தபின் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

அந்தமான் கோர்ட்டுகள் கல்கத்தா ஐகோர்ட்டின் கீழ் உள்ளவை. ஆனால் சட்டம் நம் ஊரில் உள்ளதேதான். 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிற்கருவி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலிக்கும் விலக்கு உண்டு. அடகு வைத்த நகைக்கு மட்டும் இது பொருந்தாது.

தொழிலாளியின் கூலியில் கை வைக்க முடியாது. குமாஸ்தாவின் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. விலக்குள்ள படிகள் நீங்கலாக 16,000 ரூபாய் வாங்குபவரிடம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதங்களே. ஜீவனாம்சத்துக்குக் கணக்கு வேறு.

சம்மன் வந்தால் ஒளியாதீர்கள். ஒளிந்தால் ஒருதலையாக டிக்ரி ஆகிவிடும். வக்கீல் வைக்க வசதியற்றவர்கள் இலவச சட்ட உதவி கோரலாம்.