முதலில் தையல், பிறகுதான் மடிப்பு

ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1938இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் பிறந்தவர். அணுகுண்டு விழுந்தபோது வயது ஏழு. குண்டுக்குத் தப்பியவர் என்ற அடையாளத்தோடு மட்டும் மற்றவர்கள் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று பல ஆண்டுகள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டோக்கியோவில் கிராஃபிக் டிசைன் படித்தார். பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெரிய வடிவமைப்பாளர்களிடம் தொழில் பழகினார். 1970இல் டோக்கியோ திரும்பி ஸ்டுடியோ தொடங்கினார். 1973இல் அவருடைய உடைகள் பாரிஸ் மேடையேறின.

அவருடைய பெரிய சாதனை 1993இல் வந்த 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற மடிப்பு உடை வரிசை. வழக்கமாகத் துணியை மடிப்பெடுத்த பிறகே வெட்டித் தைப்பார்கள். மியாகே தலைகீழாகச் செய்தார். பாலியெஸ்டர் துணியில், வேண்டிய அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக உடையைத் தைப்பார்கள். அதைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, சூடான அழுத்த இயந்திரத்துக்குள் செலுத்துவார்கள். மறுபக்கம் வரும்போது உடை வேண்டிய அளவுக்குச் சுருங்கியிருக்கும்; மெல்லிய மடிப்புகள் நிலைத்துவிடும். துவைத்தாலும் கலையாது, இஸ்திரி வேண்டாம், சுருட்டிப் பெட்டியில் போடலாம். விலை அதிகம்தான், ஆனாலும் உடுத்துபவரின் வசதியை இத்தனை அக்கறையோடு யோசித்த பெரிய பிராண்டுகள் குறைவு.

ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸின் கறுப்பு டர்டில்நெக்கும் இவர் கைவண்ணமே.

2022 ஆகஸ்டில், 84 வயதில் மியாகே மறைந்தார். 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' உடைகள் இன்றும் பல நாடுகளில் விற்பனையாகின்றன.