குடலிறக்கம்: கீறலா, துளையா?

நம் வீடுகளில் சில நோய்களைப் பற்றி உரக்கப் பேசுவோம். சிலவற்றைக் காதோடு காதாகத்தான் பேசுவோம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி எல்லாம் முதல் ரகம். குடலிறக்கம் இரண்டாவது ரகம். அது வரும் இடம் அப்படி! ஆண்கள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமாளிப்பார்கள். பெண்களோ, "அது ஆம்பளைங்களுக்கு வர்றதுதானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் மூன்று வருஷத்துக்குள் மூன்று பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. என் கணவருக்குக் கீறிச் செய்தார்கள். கொழுந்தனாருக்குத் துளை போட்டு, அதாவது லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தார்கள். என் அக்காவுக்கு நடந்தது அவசர ஆபரேஷன். அதிலிருந்து "எது நல்லது?" என்று அக்கம்பக்கத்தில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. பார்த்ததையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

ஒட்டுப் போடும் வேலைதான்

வயிற்றுச் சுவர் பல அடுக்குத் தசையால் ஆனது. அதில் பலவீனமான ஓரிடத்தில் இடைவெளி விழுந்தால், உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அதன் வழியே பிதுங்கும். நின்றால், இருமினால், முக்கினால் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். தொடை இடுக்கில் வருவதுதான் மிக அதிகம். தொப்புளிலும் வரும், முன்பு ஆபரேஷன் செய்த தழும்பிலும் வரும். சிசேரியன் ஆனவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை, எண்ணெய், பற்று எதுவும் பெரியவர்களுக்கு இந்த ஓட்டையை மூடாது. பெல்ட் அமுக்கிப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

1887-ல் இத்தாலி நாட்டு டாக்டர் பாசினி, தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். வெகு காலம் அதுதான் வழி. ஆனால் இழுத்துத் தைத்த துணி என்ன ஆகும்? தையல் ஓரத்திலேயே மறுபடி விட்டுப்போகும். 1980-களில் அமெரிக்க டாக்டர் லிக்டன்ஸ்டைன், தசையை இழுக்காமல், அதன்மேல் பிளாஸ்டிக் நூலால் ஆன வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். 'மெஷ்' என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இந்த வலையைத்தான். 1990-களின் தொடக்கத்தில், துளை வழியாகக் கேமராவை விட்டு அதே வலையை உள்பக்கமாக வைக்கும் முறை வந்தது.

கிழிந்த ரவிக்கைக்கு ஒட்டுப் போடுகிறோமே, அதே கதைதான். வெளிப்பக்கம் வைத்துத் தைத்தால் கீறல் முறை. உள்பக்கம் வைத்தால் துளை முறை. ஒட்டுத் துணி இரண்டிலும் ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அண்ணனுக்குக் கீறல், தம்பிக்குத் துளை

என் கணவருக்கு மதுரையில் அரிசிக் கடை. வலது பக்கம் மட்டும் புடைப்பு. வருஷக் கணக்காக பீடி பிடித்ததால் நெஞ்சு சரியில்லை. முழு மயக்கம் கொடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்து, அடிவயிற்றில் விரல் நீளத்துக்குக் கீறி வலை வைத்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே அவர் நர்ஸிடம் அரிசி விலை பேசிக்கொண்டிருந்தாராம்! அன்று ராத்திரி சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டார். முதுகு ஊசிக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகும் என்றார்கள். மறுநாள் மாலை வீட்டுக்கு வந்துவிட்டோம். முதல் ஒரு வாரம் எழுந்திருக்கும்போதும் இருமும்போதும் வலி இருந்தது. தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் மரத்த உணர்வு இன்னமும் இருக்கிறது.

கொழுந்தனார் கோயம்புத்தூரில் பாங்கில் வேலை பார்க்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் இறக்கம். கீறிச் செய்தால் இரண்டு இடத்தில் கீற வேண்டும். துளை முறையில் அதே மூன்று துளை வழியாக இரண்டு பக்கமும் முடித்துவிடலாம். அதனால் அவருக்கு லேப்ராஸ்கோப்பி. இதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். வேலை செய்ய இடம் கிடைப்பதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். தொப்புள் அருகே ஒரு துளை, இன்னும் இரண்டு சின்னத் துளைகள். ஒரு பக்கத்துக்கு வைக்கும் வலை ஏறக்குறைய 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். சுருட்டித் துளை வழியே உள்ளே விட்டு அங்கே விரிக்கிறார்கள்.

மறுநாள் காலையிலேயே ஓரகத்தியிடமிருந்து போன். "அக்கா, அவருக்குத் தோள்பட்டை வலிக்குதுங்கறாருங்க. நெஞ்சு வலியா இருக்குமோ?" பாவம், பயந்தே போய்விட்டாள். டாக்டரிடம் உடனே காட்டினாள். உள்ளே விட்ட வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தெரிவதுண்டு, ஓரிரு நாளில் போய்விடும் என்று பார்த்துச் சொன்னார்கள். அப்படியே போய்விட்டது. எட்டாம் நாள் அவர் பாங்குக்குப் போனார். என் வீட்டுக்காரர் கடையில் உட்கார மூன்று வாரம் ஆனது. ஆனால் தம்பிக்கு வந்த பில், அண்ணனுக்கு வந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

யாருக்கு எது?

துளை முறையில் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், நாள்பட்ட வலி தங்கிவிடும் வாய்ப்பும் குறைவு. புண்ணில் சீழ் பிடிப்பதும் குறைவு. இரண்டு பக்கமும் இறங்கியவர்களுக்கும், முன்பு கீறிச் செய்து மறுபடி வந்தவர்களுக்கும் பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் செலவு கூட. அரிதாகக் குடல், மூத்திரப்பை, ரத்தக் குழாயில் காயம் படும் அபாயம் உண்டு. கை பழகிய டாக்டர் கட்டாயம் வேண்டும்.

கீறல் முறைக்கு முதுகு ஊசி போதும். சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடுவார்கள். இருதயம், நுரையீரல் பலவீனமான முதியவர்களுக்கும், மிகப் பெரிதாக விதைப் பைக்குள் இறங்கியவர்களுக்கும், அடிவயிற்றில் ஏற்கெனவே பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் பொருத்தம்.

மறுபடி இறங்குமா என்பதுதான் எல்லோர் கவலையும். வலை வைத்து, பழகிய கை செய்தால், இரண்டு முறைக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, "துளை போட்டாத்தான் உசத்தி, கீறினா மட்டம்" என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் நல்ல முறையில் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த முறை அதில் சேரும் என்று ஆஸ்பத்திரியிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா மறைத்த கட்டி

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். என் அக்காவுக்கு வயது 56. தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. "இதப் போயி ஒரு ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிடி காட்டுறது?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டாள். நெறி கட்டியிருக்கிறது என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஒரு நாள் கட்டி கல்லாகிவிட்டது. உள்ளே போகவில்லை. வாந்தி, வயிற்று உப்புசம், வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இறங்கிய குடல் நெரிபட்டு ரத்த ஓட்டம் நின்றிருந்தது. அந்த நேரத்தில் கீறலா, துளையா என்று கேட்க யாருக்கு நேரம்? வயிற்றைத் திறந்து, அழுகிய குடல் பகுதியை வெட்டி எடுத்து இணைத்தார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசம். பிழைத்து வந்தாள், மீனாட்சி அருள்.

அது தொடை வழியாக இறங்கும் வகை. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வரும். இப்படி நெரிபடும் அபாயமும் இதில்தான் மிக அதிகம். தொந்தரவு இல்லாத ஆண்களுக்கு டாக்டர்கள் சில சமயம் "பொறுத்துப் பார்க்கலாம்" என்பார்கள். பெண்களுக்குத் தொடை இடுக்கில் வந்தால் அப்படி விடுவதில்லை. காலம் தாழ்த்தாமல் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். இரண்டு வகையையும் உள்ளிருந்தே பார்த்து ஒரே வலையால் மூடலாம் என்பதால், வசதி உள்ள இடத்தில் பெண்களுக்குத் துளை முறையையே சிபாரிசு செய்கிறார்கள். அக்கா முன்பே சொல்லியிருந்தால் மூன்று துளையோடு போயிருக்கும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு

குழந்தைக்குத் தொப்புள் புடைத்திருந்தால் பயம் வேண்டாம். பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். காசு வைத்துக் கட்டாதீர்கள். பலன் இல்லை, தோல்தான் புண்ணாகும். ஆனால் அழும்போது தொடை இடுக்கிலோ விதைப் பையிலோ புடைத்தால் தாமதம் கூடாது. அது தானே மூடாது. குழந்தைக்கு வலை வைப்பதில்லை, சின்ன ஆபரேஷன்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. இது எந்த வகை? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?
2. எனக்கு எந்த மயக்கம் பொருந்தும்?
3. இந்த முறையில் நீங்கள் அடிக்கடி ஆபரேஷன் செய்வதுண்டா? (கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.)
4. வலை, மருந்து, அறை வாடகை சேர்த்து மொத்தம் எவ்வளவு?
5. எத்தனை நாளில் தண்ணீர்க் குடம் தூக்கலாம், குழந்தையைத் தூக்கலாம்?

வீட்டுக்கு வந்தபின் முக்காமல் மலம் போவதுதான் பெரிய மருந்து. கீரை, வாழைத்தண்டு, பழம், நிறையத் தண்ணீர் கொடுங்கள். பருப்பு கூடாது, தண்ணீர் கூடாது என்று பத்தியம் போட்டு வாட்டாதீர்கள். படுத்தே கிடக்காமல் மெல்ல நடக்கச் செய்யுங்கள். பீடி, சிகரெட்டை இந்தச் சாக்கில் நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் நின்றுவிட்டது!

புடைப்பு திடீரென்று கெட்டியாகி, வலித்து, உள்ளே போகாமல் வாந்தியும் வந்தால், அமுக்கிப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி, சகோதரிகளே, குளிக்கும்போது கையில் கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் அதே வாரம் வீட்டில் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். பெண் டாக்டரிடம்தான் காட்டுவேன் என்றால் தாராளமாக அப்படியே செய்யுங்கள். கீறலா, துளையா என்று நிதானமாக யோசிக்கும் வசதி, முன்கூட்டிச் சொன்னவர்களுக்குத்தான் கிடைக்கும்.