உண்ணிச்செடி யானைகள்

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு போகும் வழியில், ரோட்டோரப் புதரில் சிவப்பும் மஞ்சளுமாய்க் கொத்துக் கொத்தாகப் பூத்திருப்பது உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலச் செடி. ஆங்கிலேயர் அழகுக்காகக் கொண்டுவந்தது. காட்டுக்குள் புகுந்து புல்லை மூடியது. யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் குறைந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், கூடலூரில், பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே செடியை வெட்டி நிஜ அளவில் யானை செய்கிறார்கள். தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிக்கூட்டின் மேல் வளைத்துப் பொருத்துகிறார்கள். கிட்டே போனால் வெறும் குச்சி. பத்தடி தள்ளி நின்றால் முதுகின் வளைவும் வயிற்றுத் தொய்வும் தெரியும். ஒவ்வொன்றும் அவர்கள் கூடவே வாழ்ந்து அறிந்த ஒரு யானையின் உருவம். அதனால்தான் பொம்மைபோல் தோன்றுவதில்லை.

2021இல் லண்டன் பூங்காக்களில் இவை கூட்டமாக நின்றன; 2024இல் நூறு யானைகள் அமெரிக்கா சென்றன. இவற்றை விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் முயற்சிகளுக்கு உதவுகிறது. செடியை வெட்டிய இடத்தில் புல்லுக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

கல்லாறு இருக்கும் மலையடிவாரம் யானைகளின் வலசைப் பாதை. இருட்டியபின் ஊட்டி ரோட்டில் யானை குறுக்கே வந்தால், ஹாரன் அடிக்காமல் தள்ளியே நில்லுங்கள். பின்னால் குட்டி மெதுவாக வந்துகொண்டிருக்கலாம்.